மறுகட்டமைப்பு பாதியில் நின்றால் பழைய தட்டைப் பாருங்கள்

சேமிப்புப் பெட்டியில் புது வன்தட்டைச் செருகியாயிற்று. திரையில் விழுக்காடு ஏறத் தொடங்கியது. 20, 40, 60. பிறகு 61-இல் நின்றது. பெட்டி விடாமல் ஒலி எழுப்பியது. புதுத் தட்டுக்கு எதிரே ‘உதிரி’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைக்காரர் ஈப்போவுக்குப் போய் இன்னொரு தட்டு வாங்கிவந்து போட்டார். அதுவும் 61-இல் நின்றது. மூன்றாவது தட்டு வாங்கக் கிளம்பும் நேரத்தில்தான் எனக்குத் தொலைபேசி வந்தது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உள்ள ஒரு புகைப்படக் கடை அது. சுற்றுத் தோட்டங்களின் கல்யாணம், காதுகுத்து, தீமிதி எல்லாம் அந்தக் கடையின் சிறிய நாஸ் (வலையமைப்பு வழிச் சேமிப்பு) பெட்டி ஒன்றுக்குள் இருந்தன. உள்ளே இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும். இதைத்தான் ரெய்டு 1 என்கிறோம். 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வகுத்த படிநிலைகளில் முதலாவது இது. ஒரு தட்டு செத்தாலும் மற்றது வேலையைத் தொடரும். செத்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால், உயிரோடிருக்கும் தட்டிலிருந்து புதியதற்கு எல்லாம் நகலாகும். இந்த நகலெடுப்புக்கு மறுகட்டமைப்பு என்று பெயர்.

பள்ளியிலோ, கோயில் அலுவலகத்திலோ, கடையிலோ “உனக்குத்தான் கணினி தெரியுமே, கொஞ்சம் பார் தம்பி” என்று இந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ அவர்களுக்காக இதை எழுதுகிறேன். மறுகட்டமைப்பு நின்றுபோனால் எல்லாருடைய கையும் புதுத் தட்டை நோக்கித்தான் போகிறது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் கோளாறு புதியதில் இல்லை, “இது நன்றாக இருக்கிறது” என்று நம்பி விட்டுவைத்த பழைய தட்டில்தான் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மறுபடி மறுபடி முயன்றால், இருக்கும் ஒரே பிரதியையும் நாமே கொன்றுவிடுவோம்.

முதலில் முயற்சியை நிறுத்துங்கள்

மறுகட்டமைப்பு ஒருமுறை தோற்றால் உடனே இன்னொரு முறை அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். பெட்டியை அணைத்துப் போடுவதும் இப்போது வேண்டாம். திரையில் தெரிவதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: எந்த விழுக்காட்டில் நின்றது, எந்தத் தட்டுக்கு என்ன நிலை, எந்த நேரம். பெட்டியின் பதிவேட்டில் கடைசி ஐம்பது வரிகளையும் எடுத்துவையுங்கள்.

அடுத்து, பெட்டிக்குள் யாரும் எதையும் எழுதாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் கல்லாப் பெட்டிக் கணினி, படம் திருத்தும் கணினி இரண்டும் அதே நாஸில் எழுதிக்கொண்டிருந்தன. அவற்றின் வலையமைப்புக் கம்பிகளைக் கழற்றினேன். பகிர்ந்த கோப்புறைகளை வாசிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்கு மாற்றினேன்.

பிறகு கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இதுதான், இதைவிட முக்கியமான படியும் கிடையாது. மறுகட்டமைப்பு நின்றுபோயிருந்தாலும் கோப்புகளைச் சாதாரணமாகப் படித்து நகலெடுக்க முடியும். காரணம் எளியது. லினக்ஸ் இயங்குதளத்தில் ரெய்டை நடத்தும் எம்டி ரெய்டு என்ற பகுதிக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. 2 டெராபைட் தட்டில் 700 கிகாபைட்தான் நிரம்பியிருந்தாலும், மறுகட்டமைப்பு வெற்றிடத்தையும் சேர்த்து 2 டெராபைட்டையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். கோப்பு நகலெடுப்பு அந்த 700-ஐ மட்டும் தொடும். படிக்க முடியாத இடம் வெற்றிடத்தில் இருந்தால், மறுகட்டமைப்பு தோற்கும். கோப்புகளோ ஒன்று விடாமல் வந்துசேரும். பெரும்பாலான நாஸ் பெட்டிகள், சினாலஜி, கியூனாப் நிறுவனங்களுடையவை உட்பட, உள்ளே இந்த எம்டி ரெய்டைத்தான் வைத்திருக்கின்றன.

எதை முதலில் எடுப்பது? கடைக்காரரிடம் கேட்டேன். போன வாரக் கல்யாணத்தைச் சொல்வார் என்று நினைத்தேன். அதற்கு இன்னும் பணம்கூட வரவில்லை. அவர் யோசிக்காமல், “தோட்டத்துப் பழைய படங்கள் தம்பி” என்றார். வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து ஸ்கேன் செய்துபோன கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்கும் குடும்பங்கள், பால்வாளியோடு ஒரு பாட்டி, அமைச்சராயிருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பங்கு வாங்கிய காகிதம். அந்த லயங்கள் பலவற்றின் இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது, சில இடங்களில் தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்துவிட்டது. அசல் படங்களில் சில கரையானுக்குப் போய்விட்டன. கல்யாணப் படங்கள் கேமராவின் அட்டையில் இன்னும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாததே முதலில் வெளியே வர வேண்டும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

வெளித் தட்டு ஒன்றை யூஎஸ்பியில் மாட்டி, கோப்புறை கோப்புறையாக நகலெடுங்கள். ஒரு கோப்பில் சிக்கினால் அதன் பெயரைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போங்கள். அதையே சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்தத் தட்டு எது

பெட்டியின் திரை ‘தட்டு 1’ என்கிறது. கட்டளை வரியில் அதே தட்டுக்கு வேறு பெயர். சில பெட்டிகள் சுழியத்திலிருந்து எண்ணுகின்றன, சில ஒன்றிலிருந்து. இந்தக் குழப்பத்தில் நல்ல தட்டைப் பிடுங்கியவர்கள் உண்டு. ஆகவே இட எண்ணை நம்பாமல் வரிசை எண்ணை நம்புங்கள். ஒவ்வொரு தட்டின் மேல் ஒட்டியுள்ள தாளிலும் உற்பத்தியாளர் தந்த வரிசை எண் அச்சாகியிருக்கும். ஸ்மார்ட் அறிக்கையின் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) முதல் சில வரிகளிலும் அதே எண் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, காகிதப் பட்டையில் ‘பழையது, ஓடுகிறது’, ‘பழையது, கழற்றியது’, ‘புதியது’ என்று எழுதி ஒட்டுங்கள். கழற்றிய தேதியையும் எழுதுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

கழற்றிய தட்டைக் குப்பையில் போடாதீர்கள். புதுத் தட்டு தந்த கடையில் ‘பழையதைக் கொடுத்தால் தள்ளுபடி’ என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நின்ற இடம் சொல்லும் செய்தி

லினக்ஸில் ப்ராக் கோப்புறைக்குள் எம்டிஸ்டாட் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் ரெய்டின் நிலை தெரியும். சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ இருந்தால் இரண்டு தட்டும் நலம். ஒரு ‘யூ’வும் ஓர் அடிக்கோடும் இருந்தால் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று பொருள். தட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘எஃப்’ என்றால் தோற்றது, ‘எஸ்’ என்றால் உதிரி. மறுகட்டமைப்பு தோற்றவுடன் புதுத் தட்டை ‘எஸ்’ என்று காட்டினால், புதுத் தட்டைக் குற்றம் சொல்லி யாரும் வெளியேற்றவில்லை, நகலெடுப்பு நடுவே அறுந்ததால் அது வேலையில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். கடையில் அப்படித்தான் இருந்தது.

இப்போது விழுக்காட்டைப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றதா? அப்படியானால் மூலத் தட்டில் அந்த இடத்தில் படிக்க முடியாத செக்டர் (தட்டில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) இருக்கிறது என்றே முதலில் எண்ணுங்கள். ஒருமுறை 12-இல், இன்னொருமுறை 48-இல், அடுத்து 7-இல் என்று மாறி மாறி நின்றால் கம்பி, மின்சாரம், சூடு ஆகியவற்றைப் பாருங்கள். இது துல்லியமான சட்டமன்று. இருந்தாலும் எந்தத் திசையில் தேடுவது என்று இதைப்போல் விரைவாகச் சொல்லும் அடையாளம் வேறொன்றை நான் கண்டதில்லை. இரண்டு புதுத் தட்டுகளும் ஒரே 61-இல் நின்றன என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னபோதே, பழைய தட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

பதிவேட்டிலும் இதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. பிழை வரியில் ‘யூஎன்சி’ என்று வந்தால் தட்டின் பரப்பிலிருந்து படிக்க முடியவில்லை. ‘ஐசிஆர்சி’ என்று வந்தால் தட்டிலிருந்து கணினிக்கு வரும் வழியில் தரவு கெட்டது. கம்பியையோ செருகும் இடத்தையோ பாருங்கள்.

ஸ்மார்ட் அறிக்கையில் நான்கு எண்கள்

ஸ்மார்ட் என்பது தட்டு தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் குறிப்பு. ‘தேறியது’ என்று மேலே ஒரு வரி இருக்கும். அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சாகும் நாள்வரை ‘தேறியது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும் தட்டுகள் உண்டு. கீழே உள்ள பட்டியலில் நான்கு வரிகளைத் தேடுங்கள். 5-ஆம் எண், தட்டு கெட்ட செக்டரைக் கைவிட்டு மாற்றிடம் கொடுத்த எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். 198, தட்டு தன் சோதனையில் மீட்க முடியாது என்று கண்டவை. 199, கம்பி வழியில் நேர்ந்த பிழைகள். எல்லாவற்றிலும் கடைசிப் பத்தியில் உள்ள மூல மதிப்பைப் பாருங்கள்.

கடையில் ‘நல்ல’ தட்டின் 197-ஆம் வரியில் 24 என்றிருந்தது. 5-ஆம் வரியில் சுழியம். அதாவது 24 செக்டர்கள் செத்தும் தட்டு அதை முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது தட்டு அதைக் காத்திருப்புப் பட்டியலில் வைக்கும். அங்கே யாராவது புதிதாக எழுதினால்தான், பரப்பு சரியாக இருந்தால் எழுதிக்கொள்ளும், இல்லாவிட்டால் வேறிடத்துக்கு மாற்றும். இரண்டு தட்டும் உயிரோடிருந்தபோது இந்தச் செக்டரைப் படித்திருந்தால், எம்டி ரெய்டு மற்றத் தட்டிலிருந்து எடுத்து இங்கே எழுதித் தானே ஆற்றியிருக்கும். ஆனால் அந்தப் பகுதியை ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்கவில்லை. பழைய கல்யாணம் ஒன்றை யார் தினம் பார்க்கிறார்கள்? புண் உள்ளேயே இருந்தது. மற்றத் தட்டு போனபிறகு, முதன்முறையாக முழுவதையும் படிக்கப் போனபோது அம்பலமானது.

ஐயத்தை உறுதிசெய்ய நீண்ட தற்சோதனை ஒன்றை ஓட்டலாம். அது மணிக்கணக்கில் ஆகும், தட்டுக்கும் உழைப்பு. ஆகவே கோப்புகளை வெளியே எடுத்தபின்தான் ஓட்ட வேண்டும். சோதனை இடறிய முதல் செக்டரின் எண்ணை அது எழுதிவைக்கும். 2 டெராபைட் தட்டில் மொத்தம் 3,907,029,168 செக்டர்கள். கடைத் தட்டு இடறிய எண் 2,383 மில்லியனைச் சற்றுத் தாண்டி இருந்தது. வகுத்துப் பாருங்கள்: 61 விழுக்காடு. கால்குலேட்டர் திரையைக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் அந்த எண்ணையும், மேசைமேல் கிடந்த இரண்டு புதுத் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இரண்டு தட்டுகளும் வீண் செலவில்லை. அடுத்த வேலைக்கு இரண்டுமே வேண்டியிருந்தன.

மூலத் தட்டு நோயாளியானால்

இனி ரெய்டை மறந்துவிடுங்கள். பெட்டியை முறைப்படி அணைத்து, நோயாளித் தட்டை வெளியே எடுத்து, லினக்ஸ் ஓடும் ஒரு கணினியில் மாட்டுங்கள். யூஎஸ்பி உறையைவிட, கணினிக்குள் தட்டை மாட்டும் நேரடி சாட்டா இணைப்பு நல்லது. இலக்காகப் புதுத் தட்டு ஒன்று. அது மூலத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். நாம் பயன்படுத்தப் போவது குனூ திட்டத்தின் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல்.

சாதாரண நகலெடுப்பு கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்யாது. நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்துத் தாண்டிப் போகும். பிறகு குறித்த இடங்களுக்கு மட்டும் திரும்பி வந்து பொறுமையாக முயலும். நடுவில் மின்சாரம் போனாலும் வரைபடக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பை மூலத்திலும் வைக்காதீர்கள், இலக்கிலும் வைக்காதீர்கள். மூன்றாவது இடத்தில், ஒரு பென்டிரைவிலாவது வையுங்கள்.

கட்டளையில் வரிசை: மூலம், இலக்கு, வரைபடக் கோப்பு. முதல் இரண்டையும் மாற்றி எழுதினால் வெறுமையான தட்டு நிறைந்த தட்டின்மேல் கொட்டப்படும். என்டர் அழுத்துமுன் வரிசை எண்களை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரையும் படிக்கச் சொல்லுங்கள். எனக்குக் கடைக்காரரின் மகள் படித்துக்காட்டினாள், ஒவ்வோர் எழுத்தாக.

முதல் சுற்றில் சுரண்டாமல் ஓடச் சொல்லும் தெரிவைக் கொடுங்கள். 2 டெராபைட், நொடிக்கு 120 மெகாபைட் வேகம் என்றால் ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும். இரண்டாம் சுற்றில் கெட்ட இடங்களை மூன்று தடவை மறுமுயற்சி செய்யச் சொல்லுங்கள். இந்தச் சுற்று சில நிமிடங்களிலும் முடியலாம், ஒரு நாளும் இழுக்கலாம். தட்டு ‘டக், டக்’ என்று தட்டத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் அதை மின்சாரத்திலிருந்து கழற்றி, தூசி புகாத தூய அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்திடம் கொடுங்கள். வீட்டில் தட்டின் மூடியைத் திறந்து பார்க்கும் வேலை கூடவே கூடாது.

கழற்றிய பழைய தட்டை வைத்திருக்கச் சொன்னேனே, அது இங்கே பயன்படும். இரண்டு தட்டுகளும் ஒரே உள்ளடக்கத்தைச் சுமந்தவை. இரண்டிலும் கெட்ட செக்டர்கள் ஒரே இடத்தில் இருப்பது அரிது. ஆகவே நோயாளியிலிருந்து வந்தது போக மிச்சமுள்ள ஓட்டைகளை, அதே வரைபடக் கோப்பைக் கொண்டு, முன்பு ‘செத்தது’ என்று கழற்றிய தட்டிலிருந்து நிரப்பலாம். இரண்டு தட்டிலும் பிரிவுகள் (பார்ட்டிஷன்) ஒரே செக்டரில் தொடங்குகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய தேதிக்குப் பிறகு மாறிய கோப்புகளுக்கு இது பொருந்தாது, அதனால்தான் தேதியை எழுதச் சொன்னேன். அசையாமல் கிடக்கும் பழைய படங்களுக்கு இது அப்படியே பொருந்தும். கடையின் முதல் தட்டு வெளியேறக் காரணம் அதன் தொடக்கப் பகுதியில் இருந்த கோளாறு. 61 விழுக்காட்டில் அது நன்றாகவே படித்தது. 24 செக்டர்களில் 24-உம் வந்தன.

நிரப்ப முடியாத ஓட்டை மிஞ்சினால் எந்தக் கோப்பு பாதிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறையைப் பயன்படுத்தி, நகலில் உள்ள ஓட்டைகளில் மட்டும் தனித்துத் தெரியும் ஒரு சொல்லை எழுதச் செய்யுங்கள். பிறகு கோப்புகளுக்குள் அந்தச் சொல்லைத் தேடினால் அடிபட்டவை தெரிந்துவிடும். இதை நகலில்தான் செய்ய வேண்டும், மூலத்தில் ஒருபோதும் கூடாது.

நகல் முடிந்ததும் மூலத்தைக் கழற்றிவிடுங்கள். மூலமும் நகலும் ஒரே அடையாள எண்ணைச் சுமப்பதால் இரண்டும் ஒன்றாக மாட்டப்பட்டிருந்தால் கணினி குழம்பும். நகலைப் பெட்டியில் பழைய தட்டின் இடத்தில் போட்டு, தனியாக எழுப்புங்கள். ஒற்றைக் காலில் ரெய்டு எழும். கோப்பு முறைமைச் சோதனை ஒன்றை ஓட்டுங்கள், சில படங்களைத் திறந்து பாருங்கள். அதன்பிறகே இரண்டாவது புதுத் தட்டைச் சேர்த்து மறுகட்டமைப்பைத் தொடங்குங்கள். கடையில் அது இரவோடு இரவாக முடிந்தது.

கம்பி, மின்சாரம், இடி

199-ஆம் எண் ஏறியிருந்தால் மகிழலாம்; தட்டு பெரும்பாலும் நலம். கம்பியை மாற்றுங்கள், அல்லது பெட்டியில் தட்டை எடுத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். அந்த எண் ஒருமுறை ஏறினால் இறங்காது. ஆகவே இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, நாளை ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் செருகும் முனைகளில் மங்கல் படிகிறது. பெட்டியை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகினால் பலமுறை சரியாகிவிடுகிறது.

மின் அடாப்டரையும் ஐயப்படுங்கள். 3.5 அங்குலத் தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர்வரை இழுக்கும். இரண்டு தட்டுகளுக்கு இரட்டிப்பு. ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்த அடாப்டர் சும்மா இருக்கும்போது தாக்குப்பிடித்து, இரண்டு தட்டும் ஓயாமல் உழைக்கும்போது தொய்ந்துவிடும். தட்டுகள் இடம் மாறி மாறி விழுந்தால், அதே வோல்ட்டும் போதிய ஆம்பியரும் உள்ள வேறொரு அடாப்டரை மாட்டிப் பாருங்கள்.

பேராக்கில் மாலை நேரத்து இடிமழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 4 டெராபைட் தட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் மறுகட்டமைக்க ஏழரை மணி நேரம் ஆகிறது. பெட்டியைப் பயன்படுத்திக்கொண்டே செய்தால் அதற்கும் மேல். மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் நட்ட நடுவில் மின்வெட்டு வந்து நிற்கும். மழை ஓய்ந்த இரவில் தொடங்குங்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இடி இறங்கும் வழி மின்கம்பி மட்டுமன்று, வலையமைப்புக் கம்பியும்தான். தொலைபேசி இணைப்பிலிருந்து வரும் கம்பியை மறுகட்டமைப்பு முடியும்வரை கழற்றிவைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

முப்பது நொடிச் சிக்கல்

வீட்டுக் கணினிக்கென்று விற்கப்படும் தட்டு ஒரு கெட்ட செக்டரைச் சந்தித்தால், எப்படியாவது படித்துவிட வேண்டுமென்று ஒரு நிமிடத்துக்கு மேலும் போராடும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும். பதில் வராவிட்டால் இணைப்பை அறுத்து மீண்டும் தொடங்கும். தட்டு இன்னும் தன் போராட்டத்தில் மூழ்கியிருப்பதால் ‘இது செத்துவிட்டது’ என்று ரெய்டு அதை வெளியேற்றிவிடும். ஒரே ஒரு செக்டர் கெட்டதற்காக முழுத் தட்டும் போய்விட்டதாகத் தோன்றுவது இதனால்தான். நாஸுக்கென்று வரும் தட்டுகள் ஏறத்தாழ 7 நொடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். உங்கள் தட்டு இந்த வரம்பை ஏற்குமானால், ஸ்மார்ட் கட்டளை வழியாக மதிப்பு 70 கொடுங்கள். நொடியில் பத்தில் ஒரு பங்கு கணக்கில் அது 7 நொடி. ஏற்காவிட்டால் லினக்ஸின் பொறுமையை அந்தத் தட்டுக்கு 180 நொடியாக உயர்த்துங்கள். மின்சாரம் போய் வந்தால் இரண்டுமே பழைய நிலைக்குத் திரும்பும், ஆகவே தொடக்கத்தில் தானாக ஓடும்படி எழுதிவையுங்கள்.

புதுத் தட்டே காரணமாக இருக்கும்போது

மறுகட்டமைப்பு தொடங்கவே மறுத்தால் அப்போது புதுத் தட்டைப் பாருங்கள். செக்டர் எண்ணிக்கை பழையதைவிடச் சற்றே குறைவாக இருந்தாலும் ரெய்டு ஏற்காது. அட்டையில் ‘2 டெராபைட்’ என்று இருப்பதை நம்பாமல் எண்ணிக்கையைப் பாருங்கள். தட்டு வேறொரு ரெய்டில் இருந்து வந்ததென்றால் அதன் பழைய அடையாளத்தை அழிக்க வேண்டும். அழிக்குமுன் வரிசை எண்ணை இன்னொருமுறை பாருங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்ததுபோல் எழுதப்படும் வகைத் தட்டுகளும் உண்டு. மறுகட்டமைப்பின் நடுவே வேறு எழுத்து வேலைகளும் குறுக்கிட்டால் அவை ஆமைபோல் ஆகிவிடும். நாஸுக்கென்றே விற்கப்பட்ட சில தட்டுகள் இந்த வகை என்று 2020-இல்தான் வெளியில் தெரிந்தது. வாங்குமுன் மாதிரி எண்ணைத் தேடிப் பாருங்கள்.

நல்ல தட்டு கம்பி ஆடியதால் மட்டும் சற்று நேரம் விழுந்திருந்தால் முழு மறுகட்டமைப்பே தேவைப்படாது. எந்தப் பகுதிகளில் எழுதப்பட்டது என்று ரெய்டு குறித்துவைக்கும் எழுத்துக் குறிப்பு வரைபடம் இயங்கியிருந்தால், அதைப் ‘புதிதாகச் சேர்’ என்று சொல்லாமல் ‘மீண்டும் சேர்’ என்று சொல்லுங்கள். விழுந்த நேரத்தில் மாறிய பகுதிகள் மட்டும் சில நிமிடங்களில் ஒத்திசையும்.

இரண்டு தட்டும் வெளியேறி ரெய்டே எழவில்லையென்றால், ஒவ்வொரு தட்டிலும் பதிவாகியுள்ள நிகழ்வு எண்ணைப் பாருங்கள். எண் கூடுதலாக உள்ளதே கடைசியாக ஓடியது; அதை வைத்துத்தான் எழுப்ப வேண்டும். ‘புதிய ரெய்டை உருவாக்கு’ என்று பெட்டி ஒரு பொத்தானைக் காட்டும். அதன் பக்கம் போகாதீர்கள். தனி ரெய்டு அட்டை உள்ள சேவைக்கணினிகளில் முறைகள் வேறு. அங்கே தட்டுகளை எடுத்துச் சாதாரணக் கணினியில் மாட்டினால் ரெய்டு தானாக எழும் என்று எதிர்பார்க்க முடியாது.

சரியானபிறகு

மாதம் ஒருமுறை இரண்டு தட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கவைக்கும் சோதனையை இயக்கிவையுங்கள். டெபியன் லினக்ஸில் இது மாதத்தின் முதல் ஞாயிறன்று தானாக நடக்கும். நாஸ் பெட்டிகள் பலவற்றில் நாமே தேடிப் போய் இயக்க வேண்டும். கடையில் அது இயங்கியிருந்தால் அந்த 24 செக்டர்களும் சத்தமில்லாமல் ஆறியிருக்கும், ஈப்போவுக்கு இரண்டு நடை மிச்சமாகியிருக்கும். தட்டு விழுந்தால் மின்னஞ்சல் வரும்படியும் செய்யுங்கள். பெட்டி எழுப்பும் ஒலி, கடைத்தெரு லாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்பதில்லை.

தவறி அழித்த கோப்பு ரெய்டில் இரண்டு தட்டிலும் ஒரே நொடியில் அழியும். ஆகவே தோட்டத்துப் படங்களை ஒரு வெளித் தட்டில் தனியாக எடுத்து, கடைக்காரர் தம் அக்காள் வீட்டில், கோலகங்சாரில் வைத்திருக்கிறார். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் அங்கே போகும்போது அதைக் கொண்டுவந்து புதுப்படங்களைச் சேர்த்துத் திருப்பி வைப்பதாக ஏற்பாடு.

பழைய இரண்டு தட்டுகளும் தேதி எழுதிய பட்டையோடு என் அலமாரியில் இருக்கின்றன. மாதச் சோதனை இரண்டு முறை பிழையின்றி முடிந்தபிறகு அவற்றைத் துளையிட்டு அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறேன். முதலாவது முடிந்துவிட்டது.